அமாவாசையன்று காணாமல் போன அலை

புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்கள் நாலு பேருக்கும் நான் ஏதாவது எழுதித் தர வேண்டும் என்று கேட்டிருக்கிறார்கள். வேலையில் இருந்தபோது செய்த நல்ல காரியங்களைத்தான் எதிர்பார்க்கிறார்கள் போலிருக்கிறது. அவையெல்லாம் ஆண்டறிக்கைகளில் இருக்கின்றன, தூசி தட்டிப் படித்துக்கொள்ளுங்கள். நான் செய்த மிகப் பெரிய மடத்தனம் எந்த ஆண்டறிக்கையிலும் கிடையாது. அதைத்தான் இங்கே எழுதப் போகிறேன். அந்த மடத்தனமே பிறகு என் மானத்தைக் காப்பாற்றியது என்பதால் எழுதுவதில் எனக்கு வெட்கமில்லை.

எழுபதுகளின் பின்பாதி. ராசிபுரத்துக்குப் பக்கத்தில் வெண்ணந்தூரில் நம் நிறுவனம் ஒரு சின்னக் காந்தப்புல நிலையம் போட்டது. நிலையம் என்றதும் கட்டடத்தை நினைக்காதீர்கள். ஓர் ஓலைக்கொட்டகை, அதற்குள் காகிதச் சுருளில் கோடு போடும் பேனாக் கருவி, மூன்று லாரி பேட்டரி, ஒரு கடிகாரம். கொட்டகைக்கு வெளியே காட்டுக்குள் ஆள் உயரக் குழி தோண்டி, காந்தப் புலத்தை உணரும் கம்பிச்சுருளைப் புதைத்திருந்தார்கள். அதற்குக் காவலும் நான்தான், அதிகாரியும் நான்தான். கொண்டப்பநாயக்கன்பட்டியிலிருந்து பெட்டியோடு வந்து இறங்கியபோது எனக்கு இருபத்துநாலு வயது. படித்த படிப்பு முழுவதும் தலையில் ஏறி உட்கார்ந்திருந்த காலம்.

எதற்காக அந்த நிலையம் என்று உங்கள் வீட்டில் யாராவது கேட்டால் இப்படிச் சொல்லுங்கள். சூரியனிலிருந்து வீசும் காற்று பூமியின் காந்தப் புலத்தை இரவுப் பக்கமாக நீளமாக இழுத்து வைத்திருக்கிறது. இழுபட்டது ஒரு கட்டத்தில் தாங்காமல் படக்கென்று விடுபடும். அப்போது வடதுருவத்துப் பக்கம் வானத்தில் ஒளி வெடித்துப் பரவும். அதற்குத்தான் துணைப்புயல் என்று பெயர். அது தொடங்குகிற அதே நேரத்தில் இங்கே நம் காலடியிலும் காந்தப் புலம் லேசாக நடுங்கும். நிமிடத்துக்கு ஓர் அலை வீதம் நாலைந்து அலை வந்து, தேய்ந்து அடங்கிவிடும். வெண்ணந்தூரில் அந்த நடுக்கம் மொத்தப் புலத்தில் நாற்பதாயிரத்தில் ஒரு பங்கு இருந்தால் அதிகம். ஊர் தூங்கும்போது பேனா அதை எழுதிவிடும். நான் காலையில் டீ குடித்துவிட்டு வந்து படிப்பேன். எந்த நிமிடத்தில் தொடங்கியது என்பதைக் குறித்து மாதாமாதம் தலைமை அலுவலகத்துக்குப் பட்டியல் அனுப்ப வேண்டும். என் வேலை அவ்வளவுதான், ஆனால் அந்த நிமிடம் தப்பினால் மற்றதெல்லாம் தப்பு.

நாற்பதாயிரத்தில் ஒரு பங்கைப் பிடிக்கிற கருவிக்குப் பக்கத்தில் இரும்பு வரக்கூடாது. சேலத்துக் கஞ்சமலையில் மலையே இரும்பு என்பதால் அந்தப் பக்கம் வேண்டாம் என்று தள்ளிவிட்டு, மின்கம்பி வராத காடாகத் தேடி வெண்ணந்தூரைப் பிடித்திருந்தார்கள். நான் குழிப்பக்கம் போகும் முன் தலையில் இருக்கும் ஹேர்பின்னைக் கழற்றி வைப்பேன். கைக்கடிகாரம், சாவிக்கொத்து, சேலையில் குத்திய ஊக்கு எல்லாம் ஒரு பித்தளைக் கிண்ணத்துக்குள் போய்விடும். செருப்பில் ஆணி இருக்கும் என்று வெறுங்காலில்தான் நடப்பேன். பக்கத்துக் காட்டுப் பாவாயக்கா இதைப் பார்த்துவிட்டு, அம்மிணி உள்ளே ஏதோ சாமி வைத்திருக்கிறது என்று ஊரெல்லாம் சொல்லியிருந்தார். அவருடைய வீட்டுக்காரர் சங்ககிரியில் லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். மாதத்தில் இருபது நாள் அவர் வடக்கே எங்கேயாவது இருப்பார். காடு, மாடு, கிணறு எல்லாம் அக்காவின் பொறுப்பு.

நிலையம் தொடங்கி ஒரு மாதம் கழித்து, ஐப்பசி மழை பெய்து கார்த்திகை பிறந்த சமயத்தில், என் காகிதத்தில் ஓர் அற்புதம் தெரிந்தது. காலை ஆறு மணிக்குத் தொடங்கி ஒன்பது மணி வரை, ஐம்பது வினாடிக்கு ஓர் அலையாக, எடுத்துக் கோத்த மாதிரி ஒரே சீராக வந்துகொண்டிருந்தது. பகலில் இப்படித் தொடர் அதிர்வுகள் வரும் என்று நானும் படித்திருந்தேன். ஆனால் இவ்வளவு ஒழுங்காக எந்தப் புத்தகத்திலும் பார்த்ததில்லை. மூன்று நாள் சரியாகச் சாப்பிடாமல் ஓர் அறிக்கை எழுதி அனுப்பினேன்.

தலைமை அலுவலகத்தில் ஒரு மூத்தவர் இருந்தார். பெயர் வேண்டாம், சொன்னால் அவருக்குப் பிடிக்காது. பதினைந்து பைசா அஞ்சலட்டைக்கு மேல் யாருக்கும் எழுத மாட்டார். எனக்கு வந்த அட்டையில் ஒரே வரி இருந்தது: “உங்கள் அலைக்கு விடுமுறை நாள் உண்டா?”

என்ன கேள்வி இது என்று எரிச்சலாக வந்தது. இருந்தாலும் சுருள்களைப் பிரித்துப் பார்த்தேன். கார்த்திகையில் ஒரு நாள் அலை இல்லை. காலண்டரைப் பார்த்தால் அன்று அமாவாசை. மார்கழி வரை காத்திருந்தேன், அமாவாசையன்று இல்லை. தை அமாவாசையன்றும் இல்லை. எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது. நிலவுக்கும் பூமியின் காந்தப் புலத்துக்கும் மெல்லிய தொடர்பு உண்டு என்பது பழைய செய்தி. ஆனால் அமாவாசையன்று அடியோடு நின்றுபோகும் அலையை உலகத்தில் யாரும் பார்த்ததில்லை. வெண்ணந்தூர்க் கொட்டகையில் உட்கார்ந்து நான் பார்த்துவிட்டேன்.

இடையில் ஒரு சின்ன உறுத்தல் இருந்தது. பொங்கலுக்கு ஊருக்குப் போய்த் திரும்பி வந்து பார்த்தபோது, மாட்டுப் பொங்கல் நாளிலும் காலை அலையைக் காணவில்லை. பேட்டரி இறங்கியிருக்கும் என்று ஓரத்தில் எழுதிவிட்டு அதை மறந்தேன். பேட்டரி இறங்கியிருந்தால் அன்றைய இரவுக்கோடு மட்டும் எப்படி ஒழுங்காக வந்தது என்று நான் கேட்கவில்லை. எனக்குக் கேட்கப் பிடிக்கவில்லை என்பதுதான் உண்மை. இரண்டாவது அறிக்கை, எட்டுப் பக்கம், வரைபடங்களோடு போயிற்று.

எங்கள் பிரிவுத் தலைவருக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது. மற்ற நிறுவனத்துக்காரர்கள் உட்கார்ந்திருந்த ஒரு கூட்டத்தில், எங்கள் பெண் ஒருத்தி சேலத்துப் பக்கத்தில் கண்டுபிடித்திருக்கிறாள் என்று பெருமையாகப் பேசிவிட்டார். மூத்தவரிடமிருந்து இன்னோர் அஞ்சலட்டைதான் வந்தது: “அமாவாசையன்று அந்த ஊரில் வேறு என்னவெல்லாம் நடப்பதில்லை என்று விசாரியுங்கள்.”

அட்டையைக் கையில் வைத்துக்கொண்டே வெளியே வந்தேன். காலை எட்டு மணி இருக்கும். பாவாயக்கா கிணற்றில் கவலை ஓட்டிக்கொண்டிருந்தார். உங்களில் பட்டணத்தில் வளர்ந்தவர்களுக்குக் கவலை தெரிந்திருக்காது. இரண்டு மாடு கட்டிச் சரிவில் நடத்தினால் வடம் இழுபட்டுக் கிணற்றிலிருந்து பெரிய சால் நீரோடு மேலே வரும். வாய்க்காலில் கொட்டியதும் மாடுகள் பின்னோக்கி நடக்க, சால் மறுபடி இறங்கும். மேலே வர அரை நிமிடம், கீழே போக அதைவிடக் குறைவு. சால் இரும்பால் ஆனது. மூன்று மாதமாக என் கண்ணெதிரே, குழியிலிருந்து இருபது கெஜத்தில், அது ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. நான் ஹேர்பின்னைக் கழற்றிக் கிண்ணத்தில் போட்டுக்கொண்டிருந்தேன்.

இடம் பார்க்க வந்தவர்கள் கோடையில் வந்திருக்கிறார்கள். கிணறு வற்றிக் கிடந்ததால் பயன்படாத கிணறு என்று எழுதிக்கொண்டு போய்விட்டார்கள். மழை பெய்ததும் கிணறு ஊறிவிட்டது, அக்கா மாட்டைப் பூட்டிவிட்டார்.

“அக்கா, அமாவாசைக்குத் தண்ணி இறைக்க மாட்டீங்களா?” என்று கேட்டேன்.

“அமாவாசைக்கு மாடு பூட்டறதில்லீங்க அம்மிணி. இங்க ஆரும் பூட்ட மாட்டாங்க. வாயில்லாச் சீவனுக்கும் ஒரு நாளு வேணுமில்லீங்களா?”

“மாட்டுப் பொங்கலுக்கு?”

அவர் மாட்டை நிறுத்திவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார். “ஏனுங்க அம்மிணி, மேலுக்குச் சொகமில்லீங்களா? மாட்டுப் பொங்கலுக்கு ஆராச்சும் மாட்டை ஏத்துல உடுவாங்களா?”

கொட்டகைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். அன்று மத்தியானமே ராசிபுரம் போய்த் தந்தி கொடுத்தேன். அறிக்கை தவறு, அலை கிணற்றுச் சால், விவரம் கடிதத்தில் என்று. அனுப்பிவிட்டு வெளியே வந்தபோது மனது லேசாகத்தான் இருந்தது. அது ரொம்ப நாள் நீடிக்கவில்லை.

பிரிவுத் தலைவரின் பதில் இரண்டு பக்கம் இருந்தது. அவர் இன்னொரு கூட்டத்தில் எழுந்து நின்று தன் பேச்சைத் திரும்பப் பெற வேண்டியிருந்தது, அந்தக் கோபம் ஒவ்வொரு வரியிலும் தெரிந்தது. பகல் பதிவை இப்படிக் கோட்டைவிட்ட நிலையத்தின் இரவுப் பதிவை மட்டும் எப்படி நம்புவது என்று கேட்டிருந்தார். கிணற்று வேலையை நிறுத்த முடியாவிட்டால் பங்குனி முடிவதற்குள் நிலையத்தை மூடி, கருவிகளைக் கட்டி அனுப்ப வேண்டும்.

இறைப்பதை நிறுத்தச் சொல்லி நான் அக்காவிடம் போனேன் என்பதை மறைக்கப் போவதில்லை. போனேன். அவர் வெங்காயப் பாத்தியில் நின்றுகொண்டிருந்தார்.

“நானு எறைக்காம உட்டா இது என்னத்தைக் குடிக்குமுங்க? உங்க பொட்டி பூமிக்குள்ள இருக்கறதக் கேக்குதுன்னு சொன்னீங்க. இந்த வெங்காயம் கேக்கறது அதுக்குக் கேக்கலீங்களா?” என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அந்தப் பேச்சை நான் அதோடு விட்டுவிட்டேன். அக்கா இறைப்பது காலையில், எனக்கு வேண்டியது இரவில். இரவுக்கோடு சுத்தமாக இருக்கிறது என்று நிரூபித்தால் நிலையம் பிழைக்கும். இருந்தது இரண்டு மாதம்.

அந்த இரண்டு மாதத்தில் ஒன்று செய்தேன். அவமானப்படுத்திய அந்தச் சாலின் கையெழுத்தைப் பாடம் செய்தேன். அதன் அலையில் ஏற்றம் சாய்வாக இருக்கும், இறக்கம் செங்குத்தாக இருக்கும், முதல் அலைக்கும் நூறாவது அலைக்கும் உயரம் ஒன்றுதான். உண்மையான நடுக்கம் அப்படி வராது. எழும்பி, உருண்டு, தேய்ந்து போய்விடும். கண்ணைக் கட்டிவிட்டுக் காகிதத்தைத் தடவச் சொன்னாலும் பிரித்துச் சொல்லியிருப்பேன் என்று அப்போது திமிராக நினைத்துக்கொண்டேன்.

மாசியில் ஒரு காலை சுருளைப் பிரித்தபோது முந்தின இரவின் கோட்டில் இரண்டு நடுக்கம் இருந்தது. பத்து ஐம்பத்தொன்றுக்கு ஒன்று, பெரியது, சந்தேகத்துக்கு இடமே இல்லை. அதற்கு நாலு நிமிடம் முன்னால், பத்து நாற்பத்தேழுக்கு ஒன்று, சிறியது. மூன்றே அலை. ஆனால் எழும்பி, உருண்டு, தேய்ந்திருந்தது. துணைப்புயல் ஒரே வீச்சில் தொடங்காமல் முதலில் ஒரு முயற்சி செய்து, அடங்கி, பிறகு முழுசாக வெடிப்பதும் உண்டு. நான் பார்த்தது அந்த முதல் முயற்சி. இரண்டையும் பட்டியலில் எழுதி, நம் மூன்று நிலையங்களும் இரவு நேரங்களை அன்றன்றே தெரிவிக்க வேண்டும் என்ற தலைவரின் புது உத்தரவுப்படி தந்தியிலும் அனுப்பினேன்.

மறுநாளே பிரிவுத் தலைவர் தந்தி கொடுத்து என்னை ராசிபுரம் தபால் ஆபீசுக்கு வரவழைத்துத் தொலைபேசியில் பேசினார். இந்தத் தடவை குரல் இனிமையாக இருந்தது.

“பாரும்மா, மத்த ரெண்டு நிலையமும் பத்து ஐம்பத்தொண்ணு மட்டும்தான் குடுத்திருக்காங்க. உன்னோட முதல் வரி கிணறா இருக்கும். அந்த ஒரு வரியை அடிச்சிட்டு அனுப்பு. மூணு நிலையமும் ஒத்துப்போகும். இரவுப் பதிவு நம்பிக்கையானதுன்னு நானே எழுதி நிலையத்தைத் தொடரச் சொல்றேன்.”

“கிணறு இல்லைங்க சார்.”

“போன தடவையும் நீ நிலான்னுதானே சொன்னே?”

பேருந்தில் திரும்பி வரும்போது பட்டியல் மடியில் இருந்தது, பென்சில் கையில் இருந்தது. இளையவர்களே, அந்தப் பயணத்தில் நான் வீரமாக இருந்தேன் என்று நினைக்காதீர்கள். நிலையம் போனால் என் வேலையும் போகும் என்று தெரியும். ஒரு கோடு கிழித்தால் எல்லாருக்கும் நல்லது. எனக்கே என் கண்மேல் நம்பிக்கை பாதி போயிருந்தது. வெண்ணந்தூரில் இறங்கிச் சுருளை மறுபடி விரித்து, நேற்றுக் காலையின் சால் அலையைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடலாம் என்று பார்த்தேன். நேற்றுக் காலை சால் அலையே இல்லை. அதற்கு முந்தின நாள் காலையிலும் இல்லை. பதறிப்போய் வெளியே ஓடினேன். அக்காவின் மாடுகளில் ஒன்றுக்குக் கால் வீங்கியிருந்தது, அதனால் நேற்று இறைக்கவில்லையாம்.

“அதுக்கு முந்தின நாளு?”

“அது அமாவாசைங்களே.”

அந்த நடுக்கம் வந்த இரவு மாசி அமாவாசை இரவு. சுருளில் தேதியைப் போட்டவள் நான், பட்டியலில் எழுதியவளும் நான். நிலாவால் ஒரு தடவை சூடுபட்டதிலிருந்து காலண்டரின் அந்தப் பக்கம் திரும்பிப் பார்ப்பதையே விட்டிருந்தேன். பட்டியலில் இரண்டு வரியையும் வைத்து, முதல் வரிக்கு எதிரே குறிப்பு என்ற கட்டத்தில் “அமாவாசை, கிணறு ஓய்வு” என்று எழுதி அன்றே தபாலில் சேர்த்தேன்.

ஒரு வாரத்தில் ஜீப் வந்தது. பிரிவுத் தலைவர் கையில் மூடல் உத்தரவு, பின்னால் மூத்தவர் ஒரு தோள்பையோடு. தலைவர் கொட்டகைக்குள் வரவில்லை, நேராகக் கிணற்றடிக்குப் போனார்.

“ஏம்மா, போன அமாவாசை ராத்திரி பத்து மணிக்கு மேல தண்ணி எடுத்தீங்களா?”

பாவாயக்கா வடத்தைக் கீழே விட்டார். “அமாவாசைக்கா? ராத்திரிலயா? ஏனுங்க சாமி, அமாவாசை இருட்டுல கெணத்து மேட்டுல மாட்டை நடத்துனா மாடும் நானும் ஒண்ணாவில்ல கெணத்துக்குள்ள போவோம்? எங்கூட்டுல அப்பிடிப் பழக்கமில்லீங்க. ஊருலயே இல்லீங்க.”

தலைவர் என் பக்கம் திரும்பினார். “இவங்க சொல்றதை வச்சு நான் எப்படி மேலே எழுதறது? பழக்கம்னு வாய்ல சொல்லலாம். எழுத்துல சாட்சி வேணும். வச்சிருக்கியா?”

என்னிடம் இல்லை என்றுதான் நினைத்தேன். அப்போது மூத்தவர் தோள்பையைத் திறந்து ஒரு கற்றைக் காகிதத்தை வெளியே எடுத்தார். மேல்பக்கத்தைப் பார்த்ததும் எனக்குக் காது சுட்டது. என் இரண்டாவது அறிக்கை. எட்டுப் பக்கம், வரைபடங்களோடு.

“மூணு மாசம்,” என்றார் மூத்தவர். “ஒவ்வொரு நாளும் அளந்து வரைஞ்சிருக்கு. கார்த்திகை, மார்கழி, தை. மூணு அமாவாசையிலயும் இந்தக் கிணத்துல சால் அசையலைன்னு நம்ம ஆபீஸ் முத்திரையோட பதிவாகியிருக்கு. இதைவிட நல்ல சாட்சி நீங்க எங்க போய்த் தேடுவீங்க? எழுதினப்போ அவங்களுக்கு அது கிணறுன்னு தெரியாது, அதனால வேணும்னு ஜோடிச்சதுன்னும் சொல்ல முடியாது.”

தலைவர் அறிக்கையை வாங்கிக் கடைசிப் பக்கம் வரை பார்த்தார். பிறகு கொட்டகைக்குள் வந்து சுருளை விரிக்கச் சொன்னார். சாலின் அலையையும் அந்த மூன்று அலையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். ரொம்ப நேரம் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். கெட்ட மனிதர் அல்ல அவர், சூடுபட்ட மனிதர். மூடல் உத்தரவை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, “மத்த ரெண்டு பேரையும் அந்த நிமிஷத்தை மறுபடி பார்க்கச் சொல்றேன்,” என்றார்.

பார்த்தார்கள். ஒரு நிலையத்தில் நகரத்து ரயில் இரைச்சலுக்குள் அது புதைந்துபோயிருந்தது, கண்டுபிடிக்க முடியவில்லை. இன்னொன்றில் கோடு மெல்லியதாக இருந்தது, உற்றுப் பார்த்தால் அதே மூன்று அலை. அதற்கு மேலும் ஐந்து மாதம் கழித்து, தலைமை அலுவலகம் நம் பட்டியலை அனுப்பிக் கேட்டிருந்த வடக்கே பனிநாட்டு நிலையம் ஒன்றிலிருந்து தடித்த உறை வந்தது. நிமிடத்துக்கு ஒன்றாக எடுத்த வானத்துப் படங்கள். நம் பத்து நாற்பத்தேழுக்கு அடிவானத்தில் ஒரு சின்ன ஒளிக்கீற்று, அடுத்த படங்களில் அது மங்குகிறது, பத்து ஐம்பத்தொன்றுக்கு வானம் முழுக்கப் பற்றிக்கொள்கிறது. அந்தப் படங்களைக் கையில் வைத்துக்கொண்டு நான் சிரித்த சிரிப்பை இன்றைக்கு நினைத்தாலும் சிரிப்பு வருகிறது. நிலையம் மூடப்படவில்லை. எண்பதுகளில் அந்தக் காட்டுக்கு மின்கம்பி வந்து மோட்டார் ஓடத் தொடங்கும் வரை அங்கேயே இருந்தது.

ஜீப் வந்த அன்றே நான் மூத்தவரிடம் கேட்டேன், அந்த வெட்கக்கேட்டை ஏன் சார் தூக்கிப் போடாமல் வைத்திருந்தீர்கள் என்று. “முடிவுதான் தப்பு. அளந்தது சரியாத்தானே அளந்திருந்தீங்க,” என்றார். நான் உங்களுக்குச் சொல்ல விரும்புவதும் அவ்வளவுதான். தப்பு செய்வீர்கள், தவிர்க்க முடியாது. அளந்ததைக் கிழித்துப் போடாதீர்கள். பிடிக்காத நாளுக்குப் பேட்டரி என்று எழுதி மூடாதீர்கள்.

பனிநாட்டு உறையில் ஒரு கடிதமும் இருந்தது. பட்டியலில் குறிப்புக் கட்டத்தை அவர்கள் அப்படியே மொழிபெயர்த்துப் படித்திருக்கிறார்கள். துணைப்புயலுக்கும் கிணற்றுக்கும் அமாவாசைக்கும் என்ன தொடர்பு என்று மிகவும் மரியாதையாகக் கேட்டிருந்தார்கள். பதில் எழுதும் முன் படங்களை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனேன். பாவாயக்கா கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு ஒவ்வொரு படத்தையும் பார்த்தார். எந்த நிமிடம் எது என்று நான் விரலை வைத்துக் காட்டினேன்.

“அப்ப அன்னைக்கு நானு மாடு பூட்டியிருந்தா?”

“கிணறுன்னு அடிச்சிருப்பாங்க அக்கா, இது பொய்யாப் போயிருக்கும்.”

அவர் படத்தைத் திருப்பிக் கொடுத்தார். “அதெப்பிடிங்க பூட்டுவேன்,” என்றார். பிறகு, “அந்த ஊர்க்காரங்களுக்கு எழுதையில என்ற மாட்டையும் ஒரு வரி எழுதிப் போடுங்க அம்மிணி,” என்று சொல்லிவிட்டு மாட்டைச் சரிவில் இறக்கினார்.

எழுதினேன். இரண்டு மாட்டின் பெயரையும் சேர்த்து.